பாவமா, பாவியா? – ‘தெபோராவின் பேரீச்சை’யை முன்வைத்து

தேங்காய்ப்பட்டணம் தந்த நாவலாசிரியர் தோப்பில் முஹம்மது மீரான், 2008இல் வெளிவந்த தம் நாவலுக்கு ‘அஞ்சுவண்ணம் தெரு’ எனப் பெயரிட்டார். அஞ்சுவண்ணம் என்பது மேற்காசிய வணிகர் குழுவைக் குறித்த பழம்பெயர். கி.பி. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் இப்பெயர் காணப்படுகிறது. அச்செப்பேட்டின் சாட்சிகளுள் அரபியில் கையொப்பமிட்டோரும் உள்ளனர்; எபிரேய எழுத்தில் கையொப்பமிட்டோரும் உள்ளனர். அன்றைய வேணாட்டுக் கடற்கரையில் முஸ்லிமும் யூதரும் ஒரே ஆவணத்திற்குச் சாட்சி நின்றவர்கள். ஆயினும் பாலஸ்தீன மண்ணில் இழைக்கப்படும் அநீதி கண்டு கொதிக்கும் நம் நெஞ்சம், யூத ஞானநூல் எதையும் திறக்கத் தயங்குகிறது. இத்தயக்கம் இயல்பானதே, எனினும் அது அறிவுக்கு அரணாகாது.

1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர் பலர் உஸ்மானியரின் ஆட்சிப்பரப்பில் அடைக்கலம் பெற்றனர். அவ்வாறு அவர்கள் குடியேறிய ஊர்களுள் ஒன்றான ஸஃபத் நகரில் வாழ்ந்தவர் மோசே கொர்தொவேரோ (1522–1570). அவரது ‘தெபோராவின் பேரீச்சை’ அளவில் சிறிய நூல். இறைவனின் கருணைப் பண்புகள் பதின்மூன்றையும் மனிதன் தன் வாழ்வில் பின்பற்ற வேண்டும் என்பதே அதன் முதல் இயலின் சாரம். பாவம் செய்யும் அந்தக் கணத்திலும் பாவியின் கை அசைவது இறைவன் அளிக்கும் ஆற்றலால்தான். அவன் அதை நிறுத்திவிடுவதில்லை என்கிறார் ஆசிரியர். தீயோரையும் உடன்பிறந்தாராக எண்ணி, அவர்கள் திருந்த வேண்டுமென விழையச் சொல்கிறார்.

இச்சிந்தனைக்குத் தல்மூதிலேயே வேர் உண்டு. தம்மைத் துன்புறுத்திய முரடர்கள் மடிய வேண்டுமென ரப்பீ மெயிர் பிரார்த்தித்தபோது, ஒழிய வேண்டியது பாவமே, பாவியல்லன் எனத் திருத்தியவர் அவர் மனைவி பெரூரியா. தாயிபில் கல்லடிபட்டும், அம்மக்களின் சந்ததியிலேனும் இறைவனை வணங்குவோர் தோன்றுவர் என நம்பிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் படித்த நமக்கு இக்குரல் புதிதன்று.

எனினும் ஒரு வினா எழுகிறது. ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் (1988) ஊரையே தம் காலடியில் வைத்திருக்கும் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளிக்கும் இக்கருணை பொருந்துமா? மிதிபட்ட ஏழை தன் கண்ணீரை விழுங்கிக்கொள்ள வேண்டுமா? கொர்தொவேரோவின் முதல் இயல் அழுத்தம் தருவது பொறுப்பவனின் பெருமைக்கே. அதை மட்டும் தனித்துப் படித்தால் வலியவனுக்கு அது வசதியான நூலாகிவிடும். அக்குறையை நிறைவு செய்வது மிஷ்னாவின் சட்டம். சக மனிதனுக்கு இழைத்த தீங்கை, அவனைச் சமாதானப்படுத்தாதவரை, பாவநிவாரண நாளும் போக்காது என்கிறது அது. அடியார்களின் உரிமை பற்றி நம் மார்க்கம் கூறுவதும் இதுவே.

மீரானின் கலை இவ்விரண்டையும் ஒருங்கே பேணுகிறது. முதலாளியின் கொடுமையில் ஒரு துளியையும் அவர் மறைக்கவில்லை. சுறாப்பீலி வணிகர் மஹ்மூதின் எதிர்ப்பையும் தணிக்கவில்லை. ஆனால் முதலாளியை வெறும் அரக்கனாகவும் ஆக்கவில்லை. பாவத்தை வெறுப்பது எளிது. பாவியைக் கைவிடாமல் பாவத்தை எதிர்ப்பதே அரிது. அந்த அளவுகோலை எவருடைய நூலிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ளலாம். அதை நம்மீதும், இன்று பாலஸ்தீனத்தில் அநீதி இழைப்போர்மீதும் ஒரே நேர்மையுடன் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே நம் கருத்து.