சனிக்கிழமைகளில் பிறந்த படம்

கலை செல்வத்தின் மடியில் வளர்கிறதா, வறுமையின் மடியில் வளர்கிறதா என்னும் வினா மிகப் பழையது. கவிதையைக் குறித்தும் ஓவியத்தைக் குறித்தும் இவ்வினாவை ஆர்வத்தோடு விவாதிக்கிறவர்கள்கூடத் திரைப்படம் என்றதும் வாயடைத்துப் போகிறார்கள். படமெடுக்கப் பணம் வேண்டும். பணமில்லாதவனுக்குப் படமில்லை என்பது ஏறக்குறைய ஒரு பழமொழியாகவே நிலைத்துவிட்டது. திரைக்கலையில் நாட்டம் கொண்ட மாணவர்கள் முதலில் முன்வைக்கும் குறையும் இதுவே.

அக்குறையோடு வருகிறவர்களுக்கு நாம் ஒரு படத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ‘ஓப்பன்ஹைமர்’ என்னும் படம் 7 ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அதன் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன், அதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன்பு, இலண்டன் நகரில் தம் நண்பர்களோடு எடுத்த முதல் முழுநீளப் படம் ‘ஃபாலோயிங்’. ‘பின்தொடர்தல்’ என்று தமிழில் சொல்லலாம். 1998-இல் திரைக்கு வந்த இக்கறுப்பு வெள்ளைப் படம் 70 நிமிடங்களே ஓடுவது. இதை எடுக்கச் செலவானது சுமார் 6,000 டாலர்.

பிற்காலத்தில் பெரும்புகழ் எய்திய ஒருவரின் தொடக்கக் கதை என்பதற்காக இப்படத்தை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. தன் ஏழ்மையை ஒளிக்க முயலாமல் அதையே தன் வடிவமாக்கிக்கொண்ட படம் இது. அவ்வடிவத்தின் எல்லை எதுவென்பதையும் இதுவே நமக்குக் காட்டிக் கொடுக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்தே நம்மைச் சிந்திக்கவைக்கின்றன.

இருளின் மரபு

‘ஃபிலிம் நுவார்’ என்பது பிரெஞ்சுத் தொடர். ‘கறுப்புப் படம்’ என்று பொருள்படும். 1940-களில் வந்த அமெரிக்கக் குற்றப்படங்கள் சிலவற்றைக் கண்ட நீனோ ஃபிராங்க் என்னும் திறனாய்வாளர், 1946-இல் இத்தொடரை அவற்றுக்குச் சூட்டினார். சாளரத் தட்டிகளின் நிழல் முகத்தின்மேல் கோடுகளாய் விழுவது, மழையில் நனைந்த தெரு, ஆசையால் தடுமாறும் ஒரு மனிதன், அவனை ஈர்க்கும் ஒரு பெண், முடிந்துபோன குற்றத்தை அவனே திரும்பச் சொல்லும் குரல் ஆகியவை இம்மரபின் அடையாளங்கள். பில்லி வைல்டரின் ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944) இதற்குத் தலைசிறந்த சான்று.

இம்மரபில் நாம் பெரிதும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்படங்களின் இருள் அழகுக்காக மட்டும் வந்ததன்று, சிக்கனத்துக்காகவும் வந்தது. எட்கர் உல்மரின் ‘டீடூர்’ (1945) சின்னஞ்சிறு நிறுவனம் ஒன்றுக்காகச் சில நாட்களிலேயே எடுக்கப்பட்டது. நியூயார்க் தெருவை அமைக்கப் பணமில்லை. ஆகவே மூடுபனியைப் பரப்பி, இரு மனிதரை அதற்குள் நடக்கவிட்டார்கள். பார்த்தவர்களுக்கோ அந்தப் பனி, கதைநாயகனின் கலங்கிய மனமாகத் தோன்றியது. இல்லாமை இவ்வாறு ஒரு மொழியாயிற்று. நோலனும் அவர் நண்பர்களும் இம்மரபைத் தேர்ந்தெடுத்தது தற்செயலன்று என்பதே நம் கருத்து.

படச்சுருளும் ஒத்திகையும்

நோலன் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றவர். அக்கல்லூரியின் திரைப்படக் கழகத்தைத் தம் வருங்கால மனைவி எம்மா தாமஸ் அவர்களோடு நடத்திவந்தார். கல்லூரி நடக்கும் மாதங்களில் 35 மி.மீ. படங்களைத் திரையிட்டு, அதில் கிடைத்த பணத்தைக்கொண்டு கோடை விடுமுறையில் 16 மி.மீ. படங்களை எடுப்பது அக்கழகத்தின் வழக்கம். பட்டம் பெற்ற பின்னரும் அந்த நட்பு வட்டம் கலையவில்லை. ‘லார்சனி’ என்ற குறும்படத்தை ஒரே வார இறுதியில், கழகத்தின் கருவிகளைக் கொண்டே எடுத்துப் பழகினார்கள். அதன்பின் வந்ததே ‘ஃபாலோயிங்’.

எல்லோரும் வாரநாட்களில் வேலைக்குச் செல்கிறவர்கள். ஆகவே படப்பிடிப்புக்குச் சனிக்கிழமைகளே கிடைத்தன. படச்சுருளை நோலன் தம் சம்பளத்திலிருந்தே வாங்கினார். ஒரு நாளில் பதிவாகக்கூடியது சுமார் 15 நிமிடச் சுருள். படம் நிறைவுபெற ஓராண்டு ஆயிற்று. நண்பர்கள், உறவினர்களின் வீடுகளே களங்கள். விளக்குகளுக்குப் பதிலாக, இருந்த வெளிச்சமே பெரும்பாலும் பயன்பட்டது. ஒளிப்பதிவையும் நோலனே செய்தார். காவல் அதிகாரியாக நடித்த ஜான் நோலன் அவருடைய தந்தையின் உடன்பிறந்தவர்.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 16 மி.மீ. சுருள் 100 அடி, மூன்று நிமிடத்துக்கும் குறைவாகவே ஓடும். 70 நிமிடப் படத்துக்கு ஏறத்தாழ 2,500 அடி வேண்டும். ஒவ்வொரு காட்சியையும் பத்துமுறை எடுத்தால் 25,000 அடி செலவாகும். இரண்டே முறை எடுத்தால் 5,000 அடியில் முடிந்துவிடும். இவ்வேறுபாட்டில்தான் படமே நின்றது. ஆகவே நடிகர்கள் நாடகத்துக்குப் போலவே ஒவ்வொரு காட்சியையும் பலமுறை ஒத்திகை பார்த்தார்கள். முதல்முறையோ இரண்டாம்முறையோ எடுத்ததே படத்தில் இடம்பெறும்படி ஆயத்தமாக வந்தார்கள்.

ஒத்திகைக்குச் செலவில்லை, பொறுமை மட்டும் வேண்டும். பணம் படைத்தவன் படப்பிடிப்புத் தளத்தில் செய்யும் சோதனைகளை, பணமில்லாதவன் முன்கூட்டியே தாளிலும் மனத்திலும் செய்து முடித்துவிடுகிறான். படத்தைப் பார்க்கும்போது இது நமக்குத் தெளிவாகவே புலப்படுகிறது. உரையாடல்களில் தடுமாற்றமில்லை. கையில் ஏந்திய காமிரா நடிகர்களை நெருங்கி நிற்கிறது. ஆயினும் எங்கு நிற்கவேண்டும் என்பதை அது அறிந்தே நிற்கிறது.

திட்டமிடலின் மிகச் சிறந்த விளைவு கதையமைப்பில் உள்ளது. கதை மூன்று காலங்களில் மாறிமாறிச் செல்கிறது. முதற்காலத்தில் நாயகனுக்குக் கலைந்த நீண்ட தலைமுடி. இரண்டாம் காலத்தில் கத்தரித்த முடியும் கோட்டும். மூன்றாம் காலத்தில் அடிபட்டு வீங்கிய முகம். எக்காலத்தில் நிற்கிறோம் என்பதை நாயகனின் தோற்றமே நமக்குச் சொல்லிவிடுகிறது. வேறு எந்த உத்தியும் தேவைப்படவில்லை. ஒரு சீப்பும் ஒரு கோட்டும் சிறிது ஒப்பனையும் கொண்டு காலத்தையே பிரித்துக்காட்டிய இச்சிக்கனம் நம் பாராட்டுக்குரியது.

பார்வையின் கதை

கதை இது. வேலையற்ற இளைஞன் ஒருவன், எழுத்தாளனாக விரும்புகிறவன், தெருவில் செல்லும் அந்நியர்களைப் பின்தொடர்கிறான். எழுத்துக்குப் பொருள் தேடுவதாகத் தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொள்கிறான். எவரையும் இரண்டாம் முறை பின்தொடரக் கூடாதென்று விதியும் வகுத்துக்கொள்கிறான், பிறகு மீறுகிறான். அவ்வாறு மீறிப் பின்தொடர்ந்த ஒருவன் ஓர் உணவு விடுதியில் இவனெதிரே வந்து அமர்கிறான். அவன் பெயர் கோப். வீடுகளில் புகுந்து திருடுகிறவன். பொருளுக்காக அன்று, பிறர் வாழ்வுக்குள் நுழைவதற்காகவே திருடுவதாக அவன் சொல்லிக்கொள்கிறான். இளைஞன் அவன் சீடனாகிறான்.

நோலன் குடியிருந்த வீட்டில் ஒருமுறை திருடர் புகுந்தனர். உடைக்கப்பட்ட கதவைப் பார்த்தபோது, உண்மையில் அந்த மெல்லிய பலகை எவரையும் தடுக்கவல்லதன்று என்பதை அவர் உணர்ந்தார். மனிதர் ஒருவரையொருவர் மதித்துக் காத்துவரும் எழுதப்படாத எல்லையே அதுவரை தம்மைக் காத்தது என்று விளங்கிற்று. இப்படத்தின் வித்து அதுவே. தெருவில் முன்பின் அறியாதவரை உற்றுப் பார்த்துத் தொடர்வதும் அவருடைய வீட்டுக்குள் புகுவதும் ஒரே மீறலின் இரு படிகள் என்று படம் கூறுகிறது.

இதை மிக நுட்பமாக உணர்த்தும் காட்சி ஒன்று உண்டு. இளைஞன் தன் சொந்த அறைக்கே, அது யாரோ ஒருவருடையது என்பதுபோல, கோப்பைத் திருட அழைத்துச் செல்கிறான். கோப் அங்கிருக்கும் பொருட்களைப் புரட்டிப் பார்த்து, இங்கு வாழ்கிறவன் எழுத்தாளனாகக் கனவு காணும் ஒரு வெறுங்கையன் என்று எள்ளி நகைக்கிறான். அருகில் நிற்கும் இளைஞனோ வாய்திறக்க முடியாமல் நிற்கிறான். இதுநாள்வரை பிறரைப் பொருளாகப் பார்த்தவன், தான் ஒரு பொருளாகப் பார்க்கப்படுவதன் கூச்சத்தை முதன்முறையாக அனுபவிக்கிறான். திரும்பிச் செல்வதற்கு அதுவே அவனுக்குக் கிடைத்த தருணம். ஆனால் அவன் திரும்பவில்லை. முடியைக் கத்தரித்து, கோட் அணிந்து, தன்னை நகைத்தவனைப் போலவே ஆகிறான். ஒரு மனிதன் வழிதவறுவதை இதைவிட எளிமையாகக் காட்டுவது அரிது.

படம் முழுவதையும் இளைஞன் ஓர் அதிகாரியிடம் அளிக்கும் வாக்குமூலமாகவே நாம் கேட்கிறோம். முடிவில் அவன் சொன்ன உண்மைகள் அனைத்தும் பிறர் அவனுக்கு ஊட்டியவை என்பது தெரியவருகிறது. அவன் நேசித்த பெண் கொல்லப்பட்டிருக்கிறாள். சான்றுகள் யாவும் அவனையே சுட்டுகின்றன. கோப் கூட்டத்தில் மறைந்துபோகிறான். இவ்வாக்குமூலத்தை நாம் சற்று நிதானித்து நோக்க வேண்டும். தான் செய்ததை எண்ணி வருந்தி அவன் பேசவில்லை, தப்பித்துக்கொள்ளவே பேசுகிறான். வாக்குமூலம் வேறு, மனத்துயர் வேறு. உள்ளம் திரும்பாமல் உதடு மட்டும் உரைக்கும் உண்மை எவரையும் விடுவிப்பதில்லை என்பது இப்படத்தின் கசப்பான முடிவு.

ஒரு குறை

இத்துணைச் சிறப்பையும் சொன்ன நாம், மனத்தில் உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இப்படத்தில் பெயரோடு நிற்பவன் கோப் ஒருவனே. கொலையுண்ட பெண் பெயர்ப் பட்டியலில்கூடப் ‘பொன்னிறக் கூந்தலாள்’ என்று மட்டுமே குறிக்கப்படுகிறாள். லூசி ரஸ்ஸல் அவளை உயிரோட்டத்துடனேயே நடித்திருக்கிறார். எனினும் கதைக்கு அவள் ஒரு பற்சக்கரம். சுழலவேண்டிய இடத்தில் சுழன்று, உடையவேண்டிய இடத்தில் உடைகிறாள். அவள் இறக்கும்போது நாம் அதிர்கிறோம், அழுவதில்லை. புதிர் விடுபட்டதன் நிறைவே துயரத்தை முந்திக்கொள்கிறது.

கோப் அந்த இளைஞனுக்குச் செய்ததைத் திரைக்கதையும் தன் மாந்தர்க்குச் செய்துவிடுகிறது அல்லவா? எல்லாவற்றையும் முன்கூட்டியே வகுத்து, எவரும் எதிர்பாராத ஒன்றைச் செய்ய இடமின்றி அடைத்துவிடுகிறது.

இங்கே பிரெஞ்சு இயக்குநர் ரொபேர் பிரெஸ்ஸோனின் ‘பிக்பாக்கெட்’ (1959) நம் நினைவுக்கு வருகிறது. அதுவும் தனிமையில் வாழும் இளைஞன் ஒருவன் திருடனாவதைப் பற்றியதே. தொழில்முறை நடிகர்கள் அல்லாதவரைக் கொண்டு, விரல்களின் அசைவுகூடக் கணக்கிட்டு எடுக்கப்பட்ட படம். ஆயினும் இறுதியில், சிறைக்கம்பிகளுக்கு அப்பால் நிற்கும் பெண்ணின் முகத்தில், எந்தத் திட்டத்திலும் அடங்காத ஒன்று அந்த இளைஞனுக்கு வந்து சேர்கிறது. பிரெஸ்ஸோன் எல்லாவற்றையும் அளந்தார். ஒரு கதவை மட்டும் திறந்துவைத்தார். ‘ஃபாலோயிங்’ படத்தில் அக்கதவு இல்லை. இளைஞர்கள் கூடி எடுத்த முதல் படத்தில் அதை எதிர்பார்ப்பது மிகை என்று சிலர் கூறலாம். ஆனால் குறையைக் குறை என்று சொல்வதே அப்படத்துக்கு நாம் செய்யும் மரியாதை.

நாம் கற்கவேண்டியது

1999-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் புலி விருது இப்படத்துக்குக் கிடைத்தது. அதன்பின் நோலன் ‘மெமென்டோ’ (2000) எடுத்ததும் உலகப் புகழ் பெற்றதும் யாவரும் அறிந்ததே.

இன்று படச்சுருளின் விலை மாணவரை அச்சுறுத்துவதில்லை. சட்டைப்பையில் உள்ள கைப்பேசியே காமிரா. எத்தனைமுறை எடுத்தாலும் ஒரு காசும் கூடுவதில்லை. ஆனால் வறுமை கற்பித்த ஒழுங்கும் அத்துடன் விடைபெற்றுச் சென்றதோ என்று நாம் அஞ்சுகிறோம். எடுத்துக்கொண்டே போகலாம், பிறகு யோசிக்கலாம் என்னும் மனநிலை எளிதில் பற்றிக்கொள்ளக்கூடியது. சனிக்கிழமைக்காக ஆறு நாள் ஆயத்தமான அந்நண்பர்களை நம் மாணவர்கள் நினைவில் கொள்வது நல்லது. எழுதுங்கள், திருத்துங்கள், ஒத்திகை பாருங்கள். இருக்கிற வீட்டையும் இருக்கிற வெளிச்சத்தையும் உற்றுப் பாருங்கள்.

இன்னொன்றையும் அவர்கள் நினைவில் கொள்ளட்டும். காமிராவைக் கையில் எடுக்கிற ஒவ்வொருவரும் அந்த இளைஞனைப் போலவே அந்நியர்களைப் பின்தொடர்கிறவர்தாம். எதிரே வருகிறவர் நம் படத்துக்குக் கிடைத்த பொருளா, தமக்கென ஒரு பெயரும் துயரும் உடைய மனிதரா என்னும் கேள்வி, படப்பிடிப்புக்கு முன்பே கேட்கப்பட வேண்டியது. திட்டத்தின் முதல் பக்கத்தில் அக்கேள்வியை எழுதிவைத்தால் அடுத்த பக்கங்கள் தாமே நேராகும்.