சாமி எங்கே?

சில வருஷங்களுக்கு முன் சித்திரைத் திருவிழாவில், அழகர் வைகையில் இறங்குவதைப் படமெடுக்க என் சிநேகிதர்கள் இருவர் சேர்ந்து புறப்பட்டார்கள். ஒருவர் வக்கீல், மற்றவர் பள்ளிக்கூட வாத்தியார். இருவருக்கும் காமிராப் பித்து. இரவெல்லாம் கூட்டத்தில் இடிபட்டு, விடிவதற்குமுன் ஆற்று மணலில் ஒரு முழ இடம் பிடித்து, தோளோடு தோள் உரச நின்றார்கள். ஒரே நிமிஷத்தில் இருவரும் படமெடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு படங்களையும் என் மேஜைமேல் வைத்து, "எது நல்ல படம்? நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்றார்கள்.

வக்கீலின் படத்தில் தங்கக் குதிரை இருந்தது. பச்சைப் பட்டுடுத்திய அழகர், குடை, தீவட்டி, தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், தலைக்கு மேலே உயர்ந்த ஆயிரம் கைகள் எல்லாம் இருந்தன. குறை சொல்ல இடமில்லை.

வாத்தியாரின் படத்தில் அழகர் இல்லை. ஒரு கிழவி இருந்தாள். சர்க்கரை நிரப்பி வாழையிலையால் வாய் மூடிய சொம்பை ஏந்தியிருக்கிறாள். இலைமேல் சூடம் எரிகிறது. ஒரு கை சொம்பைத் தாங்க, மறு கை சுடர் அணையாமல் அணைகட்டி நிற்கிறது. படத்துக்கு வெளியே எங்கோ அவள் பார்வை.

நான் யோசிக்கவே இல்லை. வாத்தியார் படம்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். கதை எழுதுகிறவன் புத்தி வேறு எப்படிப் போகும்? வக்கீல் சிரித்துக்கொண்டே, "அழகரைப் பார்க்கப் போய்விட்டு அழகர் இல்லாத படத்தோடு திரும்புவது என்ன கலை ஐயா?" என்று கேட்டார். கட்சிக்காரருக்காகப் பேசும் வக்கீலின் வாதம் என்று அப்போது அதைத் தள்ளிவிட்டேன். ஆனால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்ற இருவருக்கு வேறு வேறு படம் கிடைப்பானேன் என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

சேர்ந்து வந்து ஒரே காட்சியைப் பிடித்தவர்களை மதுரை முன்பே பார்த்திருக்கிறது. 1792-ல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கில ஓவியர்கள் இங்கே வந்தார்கள். சிற்றப்பன் முறையும் மகன் முறையும். இருட்டறைப் பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, கண்ணாடியில் விழும் பிம்பத்தைத் துணையாகக் கொண்டு வரைந்தார்கள். ஒளி விழுந்ததே தவிர, அதைப் பிடித்து வைக்கும் ரசாயனம் அப்போது இல்லை. ஆகவே கை வேலை செய்தது. திருமலை நாயக்கர் மஹாலும் புதுமண்டபமும் அவர்கள் தாளில் ஏறின. 1795 முதல் 1808 வரை அவர்கள் லண்டனில் வெளியிட்ட 144 இந்தியக் காட்சிகளில் பலவற்றில் எந்தக் கோடு யாருடையது என்று இன்று பிரிப்பது கடினம். இருவர் கண்ணும் ஒரு கண்ணாகிவிட்டன. தூணும் வளைவும் அளவு பிசகாமல் நிற்கின்றன. மனிதர்கள்? எங்கே ஆள் இருந்தால் படம் எடுப்பாக இருக்குமோ, அங்கே ஆள் இருப்பார். ஓவியனுக்கு அந்தச் சௌகரியம் உண்டு.

அறுபத்தாறு வருஷம் கழித்து, 1858-ல், லின்னேயஸ் டிரைப் என்ற பட்டாளத்துக் காப்டன் சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபராக மதுரைக்கு வந்தார். அதே மஹால், அதே புதுமண்டபம். அவர் கொண்டுவந்தது காகித நெகடிவ். அதில் உருவம் பதிய நெடுநேரம் பிடிக்கும். கல் அசையாது, பதிந்துவிடும். நடமாடுகிற மனிதன் பதியமாட்டான். அதனால் அந்த மதுரை ஆளரவமற்றுக் கிடக்கிறது. தூணுக்குத் தூண் கச்சிதம், ஆனால் பூ விற்கிறவள் இல்லை. ஒரு படம் மனிதனை இஷ்டப்படி நிறுத்திவைத்தது. மற்றது அவனைத் தொலைத்துவிட்டது. இரண்டிலும் கட்டடத்துக்குக் கிடைத்த மரியாதை மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

மனிதனே காட்சி என்று ஆகிவிட்டால் என்ன செய்வது? அதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1940-களின் நடுவில் தென்னிந்தியாவின் பஞ்சப் பிரதேசங்களில் இரண்டு போட்டோகிராபர்கள் சேர்ந்து சுற்றினார்கள். ஒருவர் சுனில் ஜானா. 1918-ல் அஸ்ஸாமில் பிறந்த வங்காளி இளைஞர், கம்யூனிஸ்டுக் கட்சிப் பத்திரிகையின் படக்காரர். மற்றவர் அமெரிக்க 'லைஃப்' பத்திரிகையின் மார்கரெட் போர்க்-வைட்; அதற்குள் உலகப் புகழ் பெற்றுவிட்டவர். இருவரும் நண்பர்கள். ஒரே ஊர்களில், ஒரே பசித்த மக்கள்முன் நின்று படமெடுத்தார்கள்.

அவர்கள் படங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது, யார் பெரியவர் என்ற பேச்சு அற்பமாகத் தோன்றுகிறது. இருவரும் தொழில் தெரிந்தவர்கள். வேறுபாடு, படம் யாருக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. போர்க்-வைட்டின் படம் கடல் கடந்து, பசியே அறியாத ஒரு கூடத்தில் விரியவேண்டும். புரட்டுகிற கையை ஒரு நொடி நிறுத்தவேண்டும். அதனால் அது தன்னளவில் முழுமையாக, நாடகம்போல, ஒரே பார்வையில் எல்லாவற்றையும் சொல்லிவிட முயல்கிறது. ஜானாவின் படம் இந்த நாட்டிலேயே உலவியது. "இவரைப் பார்" என்று அது இரக்கம் கேட்பதில்லை, "இவர் நம்மவர், என்ன செய்யப்போகிறாய்?" என்று கணக்குக் கேட்கிறது.

இதை வைத்து ஒருவரை வில்லியாகவும் மற்றவரை மகானாகவும் ஆக்கிவிடுவது சுலபம். 1947-ல் அகதிகளின் வரிசையை, படம் சரியாக அமையும்வரை திரும்பத் திரும்ப நடக்கச் சொன்னார் போர்க்-வைட் என்று, உடன் சென்ற நிருபர் பின்னாளில் சொன்னதுண்டு. படிக்கும்போது மனம் குமுறத்தான் செய்கிறது. ஆனால் 1946-ல், காந்தியடிகளை ராட்டையோடு படமெடுக்குமுன் நூற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னபோது, உட்கார்ந்து கற்றுக்கொண்டவரும் அவரே. அந்தப் பிரிவினைப் படங்கள் இல்லாவிட்டால் அந்த அவலத்தை உலகம் எந்த அளவுக்கு அறிந்திருக்கும்? ஜானாவும் தன்னை மகானாக எண்ணிக்கொள்ளவில்லை. பட்டினி கிடப்பவர்களுக்கு உதவாமல் படமெடுத்துக்கொண்டு நின்ற வேதனையைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த வேதனைதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. எதிரே நிற்கிறவரிடமிருந்து நாம் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம், அது கடன். இடம் ஒன்றாக இருக்கலாம், நேரம் ஒன்றாக இருக்கலாம். அந்தக் கடனை உணர்கிற அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. படமும் அங்கேதான் வேறுபடுகிறது. நாவல் எழுதுகிறவனுக்கும் இது பொருந்தும். எத்தனை ஏழைகளின் கண்ணீரை நாங்கள் அத்தியாயக் கடைசியில் வைத்துக் கைதட்டல் வாங்கியிருக்கிறோம்!

இந்த அளவோடு முடித்திருந்தால் கட்டுரை எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் வாத்தியார் மறுபடி வந்தார்.

அவர் கடனை மறக்கிற ஆள் அல்ல. ஆற்றில் நிற்கும்போதே அந்தக் கிழவியிடம் ஊரும் பேரும் கேட்டு வைத்திருந்தார். மேலூருக்கு அப்பால் ஒரு கிராமம். படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். கிழவி திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாளாம். பிறகு கேட்டாளாம்:

"ஏந் தம்பி, ஏம் மொகத்தை எதுக்கு இம்புட்டுப் பெருசாப் போட்டிருக்கீக? சாமி எங்கே?"

வாத்தியாருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. சூடம் அணையாமல் அவள் காத்து நின்றது யாருக்காக? அவரை வெளியே தள்ளிவிட்டு அவளுடைய பக்தியை மட்டும் நாங்கள் ரசித்தோம். அவள் எதைப் பார்த்துக்கொண்டு நின்றாளோ, அதை நாங்கள் பார்க்கவே இல்லை. அவளுக்கு வேண்டிய படத்தை வக்கீல் எடுத்து வைத்திருந்தார். அழகரைக் காணோமே என்று அவர் கேட்டதும் இதையேதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்கள் இருவரும் சேர்ந்தே மேலூர் பஸ்ஸில் போனார்கள். இப்போது அந்த வீட்டுச் சுவரில் வக்கீலின் படம் தொங்குகிறது. தங்கக் குதிரைமேல் அழகர், தினமும் பூ. வாத்தியாரின் படம் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறதாம், பேரன் பார்ப்பதற்கு.

என் தீர்ப்பை நான் இன்னும் முழுக்க மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அதை அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டாம்.