பெருக்காமல் பெருக்குவது

√35-ஐ √21-ஆல் பெருக்கச் சொன்னால், பலரும் ஓரத்தில் 35 × 21 போட்டு 735 என்று கண்டுபிடித்துவிட்டு, அதற்குள் எந்த வர்க்கம் இருக்கிறது என்று தேட ஆரம்பிப்பார்கள். விடை வரும், தப்பில்லை. ஆனால் 35 என்பது 5 × 7, 21 என்பது 3 × 7 என்று முதலிலேயே பார்த்துவிட்டவருக்கு 735 தேவையே இல்லை. மூலக்குறிக்குள் இரண்டு 7 ஜோடி சேர்கின்றன. ஜோடிக்கு ஒரு 7 வெளியே வருகிறது, உள்ளே 15 தங்குகிறது. 7√15. பெருக்கு என்றதும் பிரிக்கத் தோன்ற வேண்டும். வர்க்கமூலங்களின் ருசியே அங்கேதான்.

√54 × √150 இன்னும் அழகு. பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எண்கள். 54-க்குள் 9 இருக்கிறது, 150-க்குள் 25 இருக்கிறது. வெளியே எடுத்தால் 3√6, 5√6. இரண்டும் ஒரே குடும்பம்! √6-ஐ √6-ஆல் பெருக்கினால் 6, வெளியே 15, ஆக 90. நேரே பெருக்கி 8100 என்று எழுதி, அது 90-இன் வர்க்கம் என்று சொல்பவர் சீக்கிரமே முடித்திருக்கலாம். அந்த உறவை மட்டும் அவர் பார்த்திருக்க மாட்டார்.

தசமத்தில் இந்த இன்பம் கிடையாது. √2 × √8 என்பது √16, அதாவது சரியாக 4. அதையே 1.414 × 2.828 என்று போட்டால் 3.998792. மூலக்குறியைக் கடைசிவரை கலைக்காமல் வைத்திருப்பவருக்கே அந்த முழு 4 கிடைக்கும்.

பெருக்கலில் இவ்வளவு இணக்கமாக நடக்கும் மூலங்கள் கூட்டலில் பிடிகொடுப்பதில்லை. √9 + √16 என்பது 7. ஆனால் 9-ஐயும் 16-ஐயும் முதலில் கூட்டினால் வரும் √25 என்பது 5. 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதத்தில் இத்தகைய மூலங்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. √ என்ற குறி அச்சில் வந்தது 1525-இல், கிறிஸ்டோஃப் ருடால்ஃபின் ஜெர்மன் நூலில். பாஸ்கரரோ இத்தகைய மூலத்தைக் குறிக்கும் கரணி என்ற சொல்லின் முதலெழுத்தைப் போட்டு க 2, க 8 என்று எழுதினார். இவ்விரண்டையும் கூட்டவும் கழிக்கவும் சொல்கிறார். வழி இதுதான்: 2-உம் 8-உம் சேர்ந்து 10. பெருக்கினால் 16, அதன் மூலம் 4, அதன் இருமடங்கு 8. பத்தும் எட்டும் 18, பத்தில் எட்டு போனால் 2. ஆக √8 + √2 = √18, √8 − √2 = √2. கூட்டலைச் செய்துகொடுப்பதே பெருக்கல்தான்! அடுத்து 3, 27 கொடுக்கிறார். அதே வழியில் கூட்டல் √48, கழித்தல் √12. எடுத்துக்காட்டுகளைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு இருந்த ரசனை மூன்றாவதில் தெரிகிறது. 3, 7. பெருக்கினால் 21, அதற்கு முழு மூலம் இல்லை. இவை சேராது, அப்படியே தனித்தனியாக வை என்கிறார். சேரும் இரண்டைக் காட்டிவிட்டுச் சேராத ஒன்றையும் காட்டுபவர்தான் ஆசிரியர்.

ஆனால் அந்தச் சேராத ஜோடியிடம் ஒரு வித்தை இருக்கிறது. √7 + √3-ஐ √7 − √3-ஆல் பெருக்கிப் பாருங்கள். நடுவில் +√21-உம் −√21-உம் அடிபட்டுப்போக, 7-இல் 3 போய் நிற்பது 4. ஒரு மூலம்கூட மிச்சமில்லை. வகுத்தியில் ஒரு கரணியின் குறியை மாற்றி மேலும் கீழும் பெருக்கு என்ற விதியைப் பாஸ்கரரே சொல்லியிருக்கிறார். பள்ளியில் இதை ஏன் செய்கிறோம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, 1-ஐ √7 − √3-ஆல் கையால் வகுக்கக் கொடுக்கலாம். 2.646-இல் 1.732 போனால் 0.914, அதைக்கொண்டு நெடுவகுத்தல் போட வேண்டும். விதிப்படி மாற்றினால் (√7 + √3)/4. இரண்டையும் கூட்டினால் 4.378, நான்கால் வகுத்தால் 1.0945. மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.