கோட்டையும் புறமும்

கொழும்புக் கோட்டைக்கு இன்று மதிலில்லை; சில எச்சங்களே உள. 1656இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிச் சுருக்கிக் கட்டிய அரண், 1796இல் ஆங்கிலேயர் வசமாகி, 1869 அளவில் இடிக்கப்படலாயிற்று. சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது. பெருந்தோட்ட மூலதனத்துக்கு அப்போது வேண்டியிருந்தது மதிலன்று, துறைமுகமே. 1875இல் அலைதடுப்பணை வேலை தொடங்கிற்று.

ஆயினும், ஒல்லாந்தர் காலத்துக் குடியிருப்பாயிருந்து ஆங்கிலேயராட்சியில் கடைவீதியாகிய அயற்பகுதியை நாம் இன்றும் 'புறக்கோட்டை' என்றே வழங்குகின்றோம். கல் வீழ்ந்த பின்னரும் சொல்லில் மதில் நிற்கின்றது. கப்பற் கம்பனிகளும் வங்கிகளும் உள்ளே. மூட்டை சுமந்த நாட்டாமைகள் வெளியே. வர்க்க எல்லைக்குச் சுண்ணாம்பும் கல்லும் தேவைப்படவில்லை.

மரபுரிமை பேசுவோர் இதனைக் காண்பதில்லை. ஒல்லாந்தர் மருத்துவமனை செவ்வனே பேணப்பட்டு, 2011 முதல் உணவகங்களும் கடைகளுமாக இயங்குகின்றது. பேணியதிற் குறைகூறுவதற்கில்லை. ஆனால் தூணையும் ஓட்டையும் வியக்கும் எழுத்துக்கள் 1927இன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தாலன்று அமைச்சரவை கூடியது கோட்டைக் கட்டடமெதிலுமன்று, துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில். அதனைக் கூறும் பலகையெதனையும் நான் அங்குக் கண்டதில்லை.