விழா நடுவே ஒரு தனியன்

துயரத்தைத் தீட்டப் புகும் ஓவியர் பலர் கண்ணீரைத் தீட்டிவிட்டு ஓய்ந்துவிடுகின்றனர். போலந்து ஓவியர் யான் மாதேய்கோ 1862இல் வரைந்த 'ஸ்டாஞ்சிக்' என்னும் படத்தில் ஒரு துளிக் கண்ணீரும் இல்லை. ஆயினும், வார்சா தேசிய அருங்காட்சியகத்திலுள்ள அவ்வோவியத்தின் அச்சுப் பிரதியை நோக்கினாலே நம் நெஞ்சு கனத்துவிடுகிறது.

ஸ்டாஞ்சிக், 16ஆம் நூற்றாண்டுப் போலந்து அரசவையின் விதூஷகன். மன்னரையும் இடித்துரைக்க அஞ்சாதவன் எனப் பெயர் பெற்றவன். போனா அரசியின் அரண்மனையில் நடன விருந்து நடைபெறுகிறது. ஸ்மொலென்ஸ்க் நகரம் மாஸ்கோவின் வசமாயிற்று என்னும் செய்தி தாங்கிய மடல், பக்கத்து அறையின் மேசைமீது கிடக்கிறது. அச்செய்தியின் பொருளை உணர்ந்தவன் விதூஷகன் ஒருவனே.

விருந்தை வாயிலுக்கு அப்பால், ஒளி மிகுந்த ஒரு சிறு பகுதியாக ஒதுக்கிவிட்டார் ஓவியர். முன்னே இருப்பன இருண்ட அறையும் செவ்வாடை அணிந்த அம்மனிதனுமே. கால்களை நீட்டி, கைகளைக் கோத்து, நாற்காலியில் துவண்டிருக்கிறான். பார்வை எதன்மீதும் படியவில்லை. அவனுடைய கோமாளிக்கோல் தரையில் கிடக்கிறது. காலடியில் கம்பளம் சுருங்கி மடிந்திருக்கிறது; நிலைகொள்ளாமல் கால்களை நெடுநேரம் அசைத்திருக்கிறான் போலும்! முகத்தினும் அம்மடிப்பே நமக்கு அதிகம் உணர்த்துகிறது. சாளரத்துக்கு வெளியே ஒரு வால்மீனையும் தீட்டியிருக்கிறார். அது மிகை என்றே நாம் கருதுகிறோம்.

அரபியில் 'குர்பத்' என்றொரு சொல் உண்டு. அந்நிய மண்ணில் வாழ்வோனின் நிலையைக் குறிப்பது அது. கதிரவன் மறைவைக் குறிக்கும் 'குரூப்' என்பதும் அதே வேரில் பிறந்ததுதான். சொந்த மக்களிடையே இருந்துகொண்டே ஒருவன் 'கரீப்' ஆகிவிடும் கொடுமையை இப்படத்தில் காண்கிறோம். சிரிக்க வைப்பதற்கென்றே அமர்த்தப்பட்டவன் அழுதால், அதையும் வேடிக்கையென்று சபையோர் கைகொட்டுவர். அவன் எழுந்து வந்துவிட்டதன் காரணம் அதுவன்றி வேறென்ன?

ஸ்மொலென்ஸ்க் வீழ்ந்தது 1514இல். போனா, மன்னர் முதலாம் சிகிஸ்மண்டை மணந்து போலந்துக்கு வந்ததோ 1518இல். ஆகவே இவ்விருந்து நடந்திருக்கவே இயலாது என்பர் வரலாறு கற்றோர். மெய்தான். ஆயினும் ஓவியர் தீட்டியது தம் காலத்துத் துயரத்தை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்றும் பங்கிட்டுக்கொண்டதால் 1795இலேயே தனியாட்சி இழந்த நாடு போலந்து. அந்நாட்டில் 1838இல் பிறந்த மாதேய்கோ, விதூஷகனுக்குத் தம் முகத்தையே அளித்திருக்கிறார். ஒரு நகரம் கைவிட்டுப் போனதற்கான துக்கம் மட்டுமன்று அம்முகத்தில் உறைந்திருப்பது. படம் நிறைவுற்ற மறு ஆண்டு, 1863இல், போலந்து மக்கள் ரஷ்யாவை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர், அக்கிளர்ச்சியும் ஒடுக்கப்பட்டது.