பார்த்ததற்குக் கூலி

காவிரி டெல்டாவில் டிராக்டர் மெக்கானிக்கின் வருடம் மேட்டூர் அணையோடு சேர்ந்தே ஓடுகிறது. வழக்கம்போல் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்துவிட்டால் குறுவைக்குச் சேற்றுழவு தொடங்கும். கேஜ் வீல் மாட்டிய டிராக்டர்கள் வயலில் இறங்கிய கொஞ்ச நாளிலேயே கிளட்ச் தேய்ந்த வண்டிகளும், ஆக்சில் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்து ஆயில் பால்போல வெளுத்த வண்டிகளும் பட்டறைக்கு வரத் தொடங்கும். தை, மாசியில் சம்பா அறுவடை. அப்போது செயின் வண்டிகள் எனப்படும் அறுவடை இயந்திரங்கள். இடைப்பட்ட மாதங்களில் பல பட்டறைகளுக்கு டூவீலர்தான் சோறு போடுகிறது.

அறுவடை நடுவில் இயந்திரம் நின்றால் யாருக்கும் பொறுமை இருக்காது. ஒரு மழை இறங்கினால் நெல்லின் ஈரப்பதம் கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத வரம்பைத் தாண்டிவிடும். சாக்குப்பையில் ஸ்பானர்களைப் போட்டுக்கொண்டு பைக்கில் வந்து இறங்கும் மெக்கானிக், வரப்பில் நின்றபடியே சொல்லியாக வேண்டும்: என்ன போச்சு, எவ்வளவு நேரம் ஆகும். இங்கே கோளாறு கண்டறியும் முறையின் பலமும் பலவீனமும் இந்த அவசரத்தில் பிறந்தவை.

பலத்தை முதலில் சொல்கிறேன். அது போதிய மதிப்புப் பெறாதது. மூன்று சிலிண்டர் டிராக்டரில் மிஸ்ஸிங் என்றால், எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் டீசல் பைப்பின் நட்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். தளர்த்தியதும் எஞ்சின் தடுமாறினால் அந்தச் சிலிண்டரில் குறையில்லை. சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் கோளாறு அங்கேதான். இதைக் குருட்டு ஊகம் என்பவர்கள் கவனிக்க வேண்டும்: மற்றவற்றை அப்படியே விட்டு ஒன்றை மட்டும் மாற்றி விளைவைப் பார்ப்பது சுத்தமான சோதனை முறை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் மேல் வைத்துப் பிடியைக் காதில் வைப்பதும், கரும்புகையா வெண்புகையா நீலப்புகையா என்று பார்ப்பதும் இதே வகைதான்.

இவற்றைவிட மேலானது அவர்கள் கேட்கும் கேள்வி. “எங்கண்ணே டீசல் போட்டீங்க?” “கேன்ல வாங்கியாந்து வயல்லயே ஊத்துனோம் தம்பி.” பாதிக் கோளாறு அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும், ஃபில்டரைக் கழற்றினால் அடியில் தண்ணீர் நிற்கும். ஜெராக்ஸ் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களோடு இருந்து ஆராய்ந்த ஜூலியன் ஓர், 1996-இல் வெளியான நூலில், அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் கதைகளில்தான் தொழிலறிவு வாழ்கிறது என்று காட்டினார். டெல்டாப் பட்டறைகளின் டீக்கடைப் பேச்சும் அத்தகையதே.

ஆனால் கதையில் வெற்றிகள் மட்டுமே மிஞ்சுகின்றன. அறுவடையில் எஞ்சின் சூடேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரேடியேட்டர் முழுக்க வைக்கோல் தூசு அடைத்திருக்கலாம். அதைப் பார்க்காமல் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று முடிவு கட்டி ஹெட்டை இறக்கினால் நாளும் பணமும் விவசாயிக்குத்தான் நட்டம். எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் குமிழி விடாமல் வருகிறதா என்று பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அந்த நிமிடங்கள் ஏன் செலவிடப்படுவதில்லை? அவற்றுக்குக் கூலி கிடையாது. பாகத்தை மாற்றினால் லேபர் சார்ஜ் உண்டு. கோளாறு எது என்று கண்டுபிடித்ததற்கு எதுவும் இல்லை. இருபது வருட அனுபவத்தில் ஐந்து நிமிடத்தில் ஒரு வயரை இறுக்கிச் சரிசெய்தவரிடம், “இதுக்குப் போயி காசா?” என்று நாம் கேட்கிறோம். இந்தத் தொழிலின் பெரிய குறை மெக்கானிக்கின் அறிவில் இல்லை, அந்தக் கேள்வியில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. எதையாவது கழற்றினால்தான் சோறு என்றால் கழற்றத்தான் செய்வார்கள். எழுதிவைப்பதும் இல்லை, போன பருவத்தில் எதை மாற்றினோம் என்பது மெக்கானிக்கின் நினைவில் மட்டும் கிடக்கிறது.

இதற்கிடையே இயந்திரங்கள் மாறிவிட்டன. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசு விதி வந்ததும் நெல்மூட்டை சுமக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் கூடக் கார்புரேட்டரை விட்டு ஃபியூயல் இஞ்செக்‌ஷனுக்குப் போய்விட்டது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய மாசு விதி. அவற்றில் காமன் ரெயில் எஞ்சின்கள் வருகின்றன. அங்கே டீசல் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் நிற்கிறது. நான் புகழ்ந்த அதே நட்டுத் தளர்த்தும் சோதனையை அதில் செய்தால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையைக்கூட எடுக்க வேண்டிவரலாம். பழைய கை இங்கே உதவாது, ஸ்கேனர்தான் வேண்டும். ஆனால் ஸ்கேனர் ரெயில் அழுத்தம் குறைவு என்று சொல்லும். அடைத்த ஃபில்டரா, கசியும் இஞ்செக்டரா, பலவீனமான பம்ப்பா என்று சொல்லாது. கேன் டீசலைப் பற்றி அதற்குக் கேட்கத் தெரியாது.

ஸ்கேனரும் எளிதில் கிடைத்துவிடவில்லை. வெளிப் பட்டறைகளுக்கு உதிரிபாகமும் கண்டறியும் கருவிகளும் எட்டாமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022-இல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்குக் குழு அமைத்தபோது வேளாண் கருவிகளையும் அதில் சேர்த்தது. தமிழக அரசு 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கும் திட்டத்தை எடுத்தது. நல்ல காரியம். ஆனால் அது புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கான கதவு. நாற்பது வயதில் பட்டறை நடத்துபவர் ஒரு வருடம் கடையை மூடிவிட்டு வகுப்பில் உட்கார முடியாது. வேலை குறைந்த பங்குனி, சித்திரையில், மாலை நேரத்தில், அவரையும் கூப்பிடும் குறுகிய பயிற்சி தேவை. காமன் ரெயிலின் ஆபத்தை அதில் முதல் பாடமாக வைக்க வேண்டும்.

கூலி விஷயத்தில் முன்னுதாரணத்தைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. டீசல் பம்ப் கடைகளில் நாசிலை டெஸ்ட் பெஞ்சில் மாட்டி அழுத்தமும் தெளிப்பும் பார்த்துச் சொல்வதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். நாசில் நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்று சொன்னாலும் அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் விவசாயி வருகிறார். வரப்பில் நின்று வண்டியைப் பார்ப்பவருக்கும் அதே கட்டணத்தை, எதையும் கழற்றாத நாளிலும், கொடுக்கலாம்.