மருந்து கண்டுபிடிச்சாச்சா?

பிஎச்.டி. படிக்கும் பிள்ளையைப் பார்த்ததும் உறவுக்காரர்கள் கேட்பது, “எதுல ஆராய்ச்சி?” இதற்கு நம் ஆய்வு மாணவர்கள் பலர் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். உயிரியல் என்றால் “கேன்சருக்கு மருந்து”, வேதியியல் என்றால் “புது பேட்டரி”, இயற்பியல் என்றால் “சோலார்”. செய்கிற வேலையைச் சொல்வதில்லை. அந்த வேலை என்றைக்காவது போய்ச் சேரக்கூடிய ஊரின் பெயரை மட்டும் சொல்லிவிடுகிறார்கள். கேட்டவருக்குத் திருப்தி, சொன்னவருக்கு நிம்மதி, பேச்சு அத்தோடு முடிந்தது.

இந்தப் பழக்கத்தை எடுத்த எடுப்பில் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. நகையை அடகு வைத்துப் படிக்க வைத்த அப்பா அம்மாவுக்குத் தெருவில் நாலு பேர் கேட்டால் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைத் தேர்வில் தேறியவர்களுக்கு 2023-இலிருந்து மாதம் 37,000 ரூபாய் என்று இருக்கிறது. அது கிடைக்காதவர்கள் வீட்டுப் பணத்தையும் பகுதிநேர வேலையையும் நம்பித்தான் ஓட்டுகிறார்கள். கூடப் படித்தவர்கள் கார் வாங்கிவிட்ட வயதில், “இன்னும் படிச்சுக்கிட்டேதான் இருக்கானா?” என்ற கேள்வியைத் தாங்க ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டாமா? பெண்களுக்கு இது இன்னும் கூடுதல் அவசியம். “கேன்சர் மருந்து ஆராய்ச்சியில இருக்கா, முடியட்டும்” என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு கல்யாணப் பேச்சை இரண்டு வருஷம் தள்ளிப்போட்ட அம்மாக்கள் உண்டு. அவர்களுக்கு அந்த வரி கேடயம். அதைப் பிடுங்கிவிட்டு வெறுங்கையோடு நில் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் அந்த வரி ஒரு வாக்குறுதியும்கூட. வாக்குறுதி என்றால் ஒருநாள் கேட்கத்தான் வருவார்கள். ஈஸ்ட்டில் ஒரே ஒரு புரதத்தை ஆராயும் மாணவி ஒருத்தியை அறிவேன். அவள் வீட்டிலும் சொல்லப்பட்டிருந்தது கேன்சர் மருந்துதான். சித்தப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்த இரவு சித்தி அவளைத்தான் முதலில் அழைத்தார். “நீதான் அந்த ஆராய்ச்சி பண்றியேம்மா, உங்க லேப்ல ஏதாவது இருக்குமா?” என்ன சொல்ல முடியும்? தன் வேலைக்கும் சித்தப்பாவின் படுக்கைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அவள் அதற்கு முன் ஒருநாளும் வீட்டில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்த இரவு அந்த அழைப்பு வேறு மாதிரி இருந்திருக்கும்: டாக்டர் சொன்னதைப் புரிய வைக்கச் சொல்லிக் கேட்டிருப்பார்கள், மருந்து கேட்டிருக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் அந்தத் தூரத்தைச் சொல்வது ஒன்றும் சலிப்பான கதை அல்ல. செல் எப்போது பிரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மரபணுக்களை அமெரிக்காவின் லீலண்ட் ஹார்ட்வெல் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டில் தேடத் தொடங்கியது 1970-ஐ ஒட்டி. இங்கிலாந்தின் பால் நர்ஸ் வேறொரு ஈஸ்ட்டில் அதைத் தொடர்ந்தார். மனித செல்லிலும் அதே ஏற்பாடுதான் என்று அவருடைய குழு 1987-இல் காட்டியது. இதே துறையில் உழைத்த டிம் ஹன்ட்டோடு சேர்த்து மூவருக்கும் 2001-இல் நோபல் பரிசு. அந்தப் பாதையில் வந்த பால்போசிக்ளிப் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2015-இல். ஈஸ்ட்டிலிருந்து மாத்திரை வரை 45 ஆண்டு! இதைப் பெரியப்பாவிடம் சொன்னால் அவருக்குப் புரியாதா? தென்னம்பிள்ளை வைத்துவிட்டுக் காத்திருக்கத் தெரிந்த மனிதர் அவர்.

பயனைச் சொல்லாதவர்கள் உவமையைப் பிடிக்கிறார்கள். உவமைக்கு உள்ள பலத்தை நான் மறுக்கவில்லை. 1993-இல் பிரிட்டனின் அறிவியல் அமைச்சர் வில்லியம் வால்டிகிரேவ், ஹிக்ஸ் துகளை ஒரே தாளில் விளக்குங்கள் என்று இயற்பியலாளர்களைக் கேட்டார். லண்டன் பேராசிரியர் டேவிட் மில்லர் எழுதியது பரிசு பெற்ற பதில்களில் ஒன்று. விருந்துக் கூடத்துக்குள் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் நுழைகிறார், கட்சிக்காரர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள், அவரால் வேகமாக நகர முடியவில்லை, துகளுக்கு நிறை வருவதும் இப்படித்தான் என்றார். அமைச்சருக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆனால் கூட்டம் நடப்பவரின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும். நிறையுள்ள துகளோ, எதுவும் தள்ளாவிட்டாலும் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். அமைச்சர் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் உவமை முறிந்திருக்கும். வீட்டில் சொல்லும் உவமைகளுக்கும் இதே கதிதான். கேட்பவர் தலையாட்டுவார், மேலே கேட்க வழி இருக்காது.

இதைவிட மோசம், ஆள் தெரியாமல் உவமை சொல்வது. மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பம் ஏறிய அப்பாவிடம், குறைக்கடத்தி ஆராயும் மகன், மின்சாரம் என்பது குழாயில் ஓடும் தண்ணீர் மாதிரி என்று தொடங்குகிறான். எர்த் சரியில்லாத டிரான்ஸ்ஃபார்மர் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்ததில் பாதி அவனுக்குத் தெரியாது. அவர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்கிறார், பிள்ளையின் படிப்புக்குக் கொடுக்கும் மரியாதை அது. அந்த மரியாதையை மகன் திருப்பிக் கொடுக்கவில்லை. “லோடு ஏறும்போது கம்பி சூடாகுமே, அந்த மாதிரிச் சூட்டைக் குறைக்கிற பொருளைத்தான் தேடுறோம்” என்று ஆரம்பித்திருந்தால் அப்பாவே பாதிப் பாடத்தை நடத்தியிருப்பார்.

ஆகவே என் கட்சி இது: பயனையும் உவமையையும் பின்னால் வைத்துக்கொள்ளலாம். முதலில் சொல்ல வேண்டியது, இன்றைக்கு என்ன செய்தேன், அது சரிதான் என்று எப்படித் தெரிந்துகொள்வேன் என்பதை.

லாக்டிக் அமில பாக்டீரியாக்களை ஆராயும் இன்னொரு மாணவி விடுமுறைக்குப் போனபோது அம்மாவோடு நடந்த பேச்சு ஒன்றைச் சொன்னாள். கையால் கரைத்தால்தான் இட்லி மாவு நன்றாகப் பொங்கும் என்பது அம்மாவின் கட்சி. மகள் மறுக்கவில்லை. உளுந்தோடு வரும் லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா விடும் கரியமில வாயு மாவில் சிக்கிக்கொள்வதால்தான் அது பொங்குகிறது என்பதை மட்டும் சொன்னாள். பிறகு ஒரே மாவை இரண்டு பாத்திரத்தில் ஊற்றி, ஒன்றைக் கையாலும் மற்றதைக் கரண்டியாலும் கரைத்து மூடி வைத்தாள். காலையில் கைமாவு ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது. அம்மாவுக்கு வெற்றிதான். ஆனாலும் அவர், “ரெண்டுலயும் உப்பு ஒரே அளவாப் போட்டியா? கையால கரைச்சது ஜன்னல் பக்கமா இருந்துச்சே” என்று கேட்டார். அடுத்த நாள் பாத்திரங்களை இடம் மாற்றி வைத்துப் பார்த்தார்கள், வித்தியாசம் குறைந்துபோனது. “இன்னும் நாலு தடவை பாத்தாத்தான் சொல்ல முடியும்” என்றாராம் அம்மா. ஆய்வு முறைபற்றி அந்தப் பெண் வகுப்பில் படித்ததன் சாரம் முழுக்க இதில் இருக்கிறது. இங்கே மாவு எதற்கும் உவமை அல்ல. அவள் ஆராயும் பொருளே அதுதான்.

எல்லாத் துறைக்கும் இப்படி ஒரு பாத்திரம் வாய்க்காது. எண் கோட்பாட்டில் ஒரு தேற்றத்தோடு மல்லுக்கட்டுபவர் வீட்டில் எதைக் காட்டுவார்? அவரும் பூடகமாக இருக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் ஒரு வழியில் போய் முட்டிக்கொண்டு திரும்பி வந்ததைச் சொல்லலாம். முட்டிக்கொண்டு திரும்புவது எல்லோருக்கும் தெரிந்த அனுபவம்.

எப்படித் தெரிந்துகொள்கிறோம் என்பது வீட்டுக்குத் தெரிந்திருந்தால் என்ன லாபம் என்பதை 2021 காட்டியது. கொரோனா தடுப்பூசியான கோவிஷீல்டின் இரண்டு டோஸுக்கு நடுவே 4 முதல் 6 வாரம் என்றார்கள். மார்ச்சில் அது 6 முதல் 8 வாரம் ஆனது. மே மாதத்தில் 12 முதல் 16. ஒவ்வொரு குடும்பத்திலும் அறிவியல் படித்த பிள்ளையிடம்தான் கேள்வி வந்தது, அவர் படித்தது பாறையியலாக இருந்தாலும்: “ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களே, எதை நம்புறது?” தடுப்பூசித் தட்டுப்பாடும் அப்போது இருந்தது, சந்தேகப்பட நியாயம் இருந்தது. ஆனால் புதுத் தரவு வந்தால் முடிவு மாறும், மாறுவதுதான் முறை என்பதை முன்பே வீட்டில் பேசிப் பழகியிருந்தால், அந்தக் கேள்வியில் கோபம் குறைந்து விசாரணை கூடியிருக்கும். முடிவை மட்டுமே கேட்டுப் பழகியவர்களுக்கு முடிவு மாறினால் ஏமாற்றப்பட்டதாகத்தான் தோன்றும்.

வீட்டில் காதுகொடுத்துக் கேட்கப் பழகாத ஆய்வாளர்கள் ஊரிலும் அப்படிக் கேட்கப் பழகுவதில்லை. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து 50,000 டன் இரும்பாலான கருவியோடு நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நம் விரல்நகம் அளவு இடத்தில் நொடிக்குப் பல ஆயிரம் கோடி நியூட்ரினோக்கள் புகுந்து போகின்றன, ஆபத்தே இல்லை என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். துகளைப் பற்றிய வீண்பயத்துக்கு அது சரியான பதில். ஆனால் மக்கள் வெடியைப் பற்றிக் கேட்டார்கள். தண்ணீரையும் மேய்ச்சலையும் பற்றிக் கேட்டார்கள். அந்தக் கேள்விகளுக்குத் துகளுக்குக் கிடைத்த அளவு பொறுமை கிடைக்கவில்லை என்பதே என் எண்ணம். 2022-இல் தமிழக அரசே அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். நன்றியுரையில் அப்பா அம்மாவைப் பற்றி உருகி எழுதுகிறீர்கள். அறிவியல் ஆய்வேட்டில் அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பல வீடுகளில் அவர்களால் அதைப் படிக்க முடியாது. கூடவே இரண்டு பக்கம் தமிழில் எழுதிச் சேருங்கள். என்ன கேள்வியோடு தொடங்கினீர்கள், எது தோற்றது, எது தேறியது, இன்னும் தெரியாதது எது என்று எழுதுங்கள். எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். அவர்கள் நிறுத்திக் கேள்வி கேட்கும் இடத்தைத் திருத்தி எழுதுங்கள்.